ஆஃப்-ரோடு வண்டி கட்டப் போகிறீர்களா? முதலில் டயர் அளவை முடிவு செய்யுங்கள்

புதிதாக ஃபோர் வீல் டிரைவ் வாங்கியவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: எத்தனை இன்ச் லிஃப்ட் போடலாம், அதாவது சஸ்பென்ஷனை மாற்றி வண்டியை எவ்வளவு உயர்த்தலாம்? வண்டி உயரமாக நின்றால் பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அங்கிருந்து தொடங்கினால் வேலை முழுக்கத் தலைகீழாகப் போய்விடும். எந்த மாதிரிப் பாதையில் ஓட்டப் போகிறோம், அதற்கு எந்த அளவு டயர் போதும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால், லிஃப்ட் எவ்வளவு வேண்டும், கியர் விகிதத்தை மாற்ற வேண்டுமா, பிரேக்கும் ஆக்ஸிலும் தாங்குமா என்பதெல்லாம் தானாக வரிசைக்கு வந்துவிடும். இந்தக் கட்டுரையும் கிட்டத்தட்ட அந்த வரிசையில்தான் போகிறது.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். வண்டியில் செய்யும் எந்த மாற்றமும் தனியாக வராது. பெரிய டயர் போட்டால் ஃபெண்டரில் உரசும், உரசாமல் இருக்க லிஃப்ட் போட்டால் ஷாஃப்ட் கோணம் கெடும், அதைச் சரிசெய்தால் பிரேக் ஹோஸ் எட்டாது. கடைசியில் ஒரு டயர் ஆசைக்காகப் பாதி வண்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு நிற்பீர்கள். அதனால் ஒவ்வொரு பொருளை வாங்கும் முன்பும், இது இன்னும் எதையெல்லாம் கேட்கும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

எந்த வண்டியில் தொடங்குவது

மூன்று விஷயங்கள் இருந்தால் போதும். ஏணி போன்ற தனி சேஸிஸ், லோ ரேஞ்ச் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கூடுதல் கியர்) உள்ள டிரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் சக்தியை முன் பின் ஆக்ஸில்களுக்குக் கொடுக்கும் பெட்டி), உதிரிபாகம் எளிதாகக் கிடைப்பது. மூன்றாவதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. அரிய வண்டி அழகுதான், ஆனால் ஆக்ஸில் ஷாஃப்ட் உடைந்து அது வந்து சேர மூன்று மாதம் ஆகும் என்றால் வண்டி ஷெட்டில்தான் நிற்கும்.

சேஸிஸ் வண்டிக்கும் மோனோகாக் வண்டிக்கும் உள்ள வித்தியாசம் இங்கே முக்கியம். மோனோகாக்கில் உடலே கட்டமைப்பு என்பதால், இழுக்கும் கொக்கியையோ கதவுக்கு அடியில் வரும் கவசமான ஸ்லைடரையோ வின்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் மோட்டார்) பம்பரையோ நினைத்த இடத்தில் பொருத்த முடியாது. அதற்காக அந்த வண்டிகள் மண் பாதையில் போகாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், நன்றாகவே போகும். கட்டுவதற்குத்தான் இடம் குறைவு.

முன் ஆக்ஸில் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பிணைக்கும் சாலிட் ஆக்ஸிலாக இருக்க வேண்டுமா, ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக அசையும் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன் போதுமா என்பது முடியாத சண்டை. பாறை ஏறுவதே குறி என்றால் சாலிட் ஆக்ஸில் உறுதியானது, ஒரு சக்கரம் மேலே போனால் மறுசக்கரத்தைக் கீழே அழுத்தும், லிஃப்ட் போடுவதும் எளிது. மண் சாலையில் வேகமாகப் போகவும், வீட்டிலிருந்து பாதை வரை தார் ரோட்டில் நிம்மதியாகப் போய்ச் சேரவும் இண்டிபெண்டன்ட்தான் சுகம். வாரம் முழுக்க அலுவலகத்துக்கும் அதே வண்டிதான் என்றால் எனக்குக் குழப்பமே இல்லை, இரண்டாவதுதான்.

பழைய வண்டி வாங்குகிறீர்கள் என்றால் எஞ்சின் சத்தத்தைக் கேட்பதற்கு முன் கீழே படுத்து சேஸிஸைப் பாருங்கள். ஒரு சின்னச் சுத்தியால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீர் என்று ஒலிக்கும், துரு தின்ற இடம் மொத்தென்று கேட்கும். ஸ்பிரிங் மாட்டும் இடம், ஸ்டியரிங் பாக்ஸ் மாட்டும் இடம், பின்பக்க வளைவு இந்த மூன்றையும் விடாமல் தட்டுங்கள். அப்புறம் ஃபோர் லோ (நான்கு சக்கர இழுவை, லோ ரேஞ்சில்) போட்டு ஓட்டிப் பாருங்கள், அந்த லீவர் வருடக்கணக்கில் தொடப்படாமல் இறுகிப் போயிருப்பது சாதாரணம்.

எதையும் மாற்றாமல் கொஞ்ச நாள் ஓட்டுங்கள்

கம்பெனியிலிருந்து வந்த வண்டி எவ்வளவு தூரம் போகும் என்று தெரியாமலே அதை மாற்றத் தொடங்குவதுதான் புதியவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் அவசரம். ஒன்றும் மாற்றாத சுசுகி ஜிம்னி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று கதவு மாடலில் முன்பக்க ஏறு கோணம் 37 டிகிரி, நடு வயிற்றுக் கோணம் 28, பின்பக்கக் கோணம் 49, தரை இடைவெளி 210 மில்லிமீட்டர். நல்ல டயரும் பொறுமையான காலும் இருந்தால் இந்த எண்களே உங்களை வெகுதூரம் கொண்டுபோகும். உங்கள் வண்டிக்கான இதே எண்களைத் தேடி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றில் நடு வயிற்றுக் கோணத்தைத்தான் மறந்துவிடுவார்கள், மேட்டின் உச்சியில் வண்டி ஏறி உட்கார்ந்து நான்கு சக்கரமும் சும்மா சுற்றும்போதுதான் அது ஞாபகத்துக்கு வரும்.

இந்தக் காலத்தில் டிரான்ஸ்ஃபர் கேஸை நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள். தேவைப்படும்போது மட்டும் போடும் பார்ட்-டைம் ஃபோர் வீல் டிரைவில் ஃபோர் ஹை (நான்கு சக்கர இழுவை, சாதாரண வேகத்தில்) போட்டதும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிகத் தூரம் உருள வேண்டியிருக்கிறது, மண்ணில் என்றால் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க வழியில்லை, முறுக்கு முழுக்க கியரிலும் ஷாஃப்டிலும் ஏறும். ஸ்டியரிங் கனத்து, வண்டி பிடித்து இழுப்பது போல ஓடினால் அதுதான் காரணம். பழைய வண்டிகளில் முன் சக்கர ஹப்பைக் கையால் திருகிப் பூட்ட வேண்டியிருக்கும், அதைச் செய்யாமல் லீவரை மட்டும் போட்டுவிட்டு ஃபோர் வீல் வேலை செய்யவில்லை என்பவர்கள் ஏராளம்.

வண்டி எவ்வளவு மெதுவாக ஊர்ந்து ஏறும் என்பதை ஒரு பெருக்கல் கணக்கில் பார்த்துவிடலாம்: முதல் கியர் விகிதம், லோ ரேஞ்ச் விகிதம், ஆக்ஸில் விகிதம் மூன்றையும் பெருக்குங்கள். ஆறு கியர் மேனுவல் ஜீப் ரேங்லர் ரூபிகானில் அது 5.13, 4, 4.10, பெருக்கினால் ஏறக்குறைய 84. முதல் கியர் 4, லோ ரேஞ்ச் 2, ஆக்ஸில் 4.1 என்று இருக்கும் வண்டியில் ஏறக்குறைய 33தான் வரும். எண் பெரிதாக ஆக ஆக, கிளட்சை மிதிக்காமல், ஆக்சிலரேட்டரை அழுத்தாமல், பாறை மேல் சக்கரத்தை மெல்ல வைக்க முடியும். எண் சின்னதாக இருக்கும் வண்டியில் கிளட்ச் வாடை சீக்கிரம் வரும்.

டயருக்கும் முன்னால் ஒரு சின்ன வேலை

இழுப்பதற்கான கொக்கி. இதைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் வைப்பேன், ஏனென்றால் முதல் பயணத்திலேயே யாராவது யாரையாவது இழுக்க வேண்டிவரும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, சேஸிஸில் நேரடியாக போல்ட் அடித்தது, எவ்வளவு சுமை தாங்கும் என்று முத்திரை குத்தியது. கப்பலிலோ லாரியிலோ வண்டியைக் கட்டி ஏற்றுவதற்காகக் கம்பெனியே அடியில் கொடுத்திருக்கும் மெல்லிய வளையம் இதற்கானது இல்லை. டிரெய்லர் இழுக்கும் உருண்டையிலும் ஸ்ட்ராப்பை மாட்டவே கூடாது. அது ஒடிந்தால் பீரங்கிக் குண்டு மாதிரி பறந்து வரும், அதனால் ஆட்கள் செத்திருக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் யார் என்ன சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கூடவே 4.75 டன் என்று அச்சு குத்திய பௌ ஷேக்கிள் (ஸ்ட்ராப்பைக் கொக்கியோடு இணைக்கும், பின் போட்ட இரும்பு வளையம்) இரண்டு, இல்லையென்றால் கயிற்றாலான சாஃப்ட் ஷேக்கிள். இரும்பு ஷேக்கிளின் பின்னைக் கையால் முழுக்க முறுக்கிவிட்டு கால் சுற்று பின்னால் திருப்பி விடுங்கள், இழுத்து முடித்ததும் கழற்ற முடியாமல் இறுகிப்போகாது. ஸ்ட்ராப்பில் இரண்டு வகை உண்டு, குழப்பிக்கொள்ள வேண்டாம். நீளாத ஸ்ட்ராப் ஓடாத வண்டியை மெதுவாக இழுத்துச் செல்ல. ஸ்நாட்ச் ஸ்ட்ராப்பும் கைனடிக் கயிறும் 20 முதல் 30 சதவீதம் வரை நீண்டு, அந்த விசையால் புதைந்த வண்டியைப் பிடுங்கும். நீளாத ஸ்ட்ராப்பைக் கட்டிக்கொண்டு வேகமாக ஓடி வெடுக்கென்று இழுத்தால் ஏதாவது ஒன்று பிய்ந்து வரும். இரண்டு ஸ்ட்ராப்பை இரும்பு ஷேக்கிள் போட்டு இணைப்பதும் கூடாது, ஸ்ட்ராப் அறுந்தால் அந்த ஷேக்கிள் யார் மேல் பாயும் என்று சொல்ல முடியாது. இழுக்கும்போது வேடிக்கை பார்க்கிறவர்களைக் கயிற்றின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரத்துக்காவது தள்ளி நிறுத்துங்கள்.

டயர்

சரி, முக்கியமான இடத்துக்கு வந்தாயிற்று. ரோட்டு டயர், ஆல் டெரெய்ன், மட் டெரெய்ன் என்று மூன்று ரகம். புதியவருக்கு ஆல் டெரெய்ன் என்பதே என் பதில், பத்தில் எட்டுப் பேருக்கு வாழ்நாள் முழுக்க அதுவே போதும். மட் டெரெய்ன் டயரின் பெரிய கட்டைகள் சகதியில் சுற்றும்போது சேற்றை வீசி எறிந்து தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும், அது நிஜம். ஆனால் ஈரத் தார் ரோட்டில் பிரேக் பிடிக்கும்போது அதே கட்டைகள்தான் கைவிடும், இரைச்சல் காதைத் துளைக்கும், டீசல் குடிக்கும்.

அளவு. டயரில் எழுதியிருப்பதை நீங்களே இன்ச்சாக மாற்றிக்கொள்ளலாம். 235/75 ஆர்15 என்றால் அகலம் 235 மில்லிமீட்டர், அதில் 75 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், அதாவது 176 சொச்சம். மேலும் கீழும் இரண்டு பக்கச்சுவர், நடுவில் 15 இன்ச் ரிம், ஆக மொத்தம் 733 மில்லிமீட்டர், அதாவது 29 இன்ச்சுக்குச் சற்றுக் குறைவு. 265/70 ஆர்16 இதே கணக்கில் 30.6 இன்ச் வரும்.

பெரிய டயர் எதற்கு என்றால், சாலிட் ஆக்ஸில் வண்டியில் டிஃபரன்ஷியலின் (ஆக்ஸில் நடுவில் உருண்டையாகத் தொங்கும் கியர் பெட்டி, சுருக்கமாக டிஃப்) அடிவயிற்றை உயர்த்த இதைவிட எளிய வழி கிடையாது. எத்தனை இன்ச் லிஃப்ட் போட்டாலும் ஆக்ஸில் தரையிலிருந்து அதே உயரத்தில்தான் இருக்கும், பாடியும் சேஸிஸும்தான் மேலே போகும். அதே சமயம் டயர் விட்டம் 2 இன்ச் கூடினால் ஆக்ஸில் 1 இன்ச்தான் உயரும், பாதிதான் கைக்கு வரும். ஒரு இன்ச்சா என்று நினைக்கலாம். பாதை நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் கல்லை உரசாமல் தாண்டுவதற்கும் அதன் மேல் டிஃப் இடித்து நிற்பதற்கும் நடுவில் பல நேரம் அவ்வளவுதான் இருக்கும்.

இதற்கு விலையும் உண்டு. 29 இன்ச்சிலிருந்து 32-க்குப் போனால் விட்டம் பத்து சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் கூடுகிறது. 4.1 விகித ஆக்ஸில் இப்போது 3.7 போல நடந்துகொள்ளும், மேட்டில் மூச்சு வாங்கும், ஸ்பீடோமீட்டர் நிஜ வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும், பிரேக் பிடித்தால் வண்டி கூடுதல் தூரம் ஓடி நிற்கும். பழைய சுறுசுறுப்பு வேண்டுமென்றால் 4.56 போல ஒரு கியர் செட் போட வேண்டும், முன்னும் பின்னும் ஒரே விகிதத்தில். அதனால்தான் சொல்கிறேன், முதல் வண்டியில் கம்பெனி அளவைவிட ஒரு படி, மிஞ்சினால் இரண்டு இன்ச், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடையில் அதிகம் பேசாத ஒன்று: சுமைத் தரம். எடை குறைந்த வண்டிக்கு லாரிச் சுமை தாங்கும் ஈ ரேஞ்ச் டயரைப் போட்டால் காற்றைக் குறைத்தாலும் பக்கச்சுவர் மடங்கவே மடங்காது, கட்டையாக நிற்கும். சின்ன வண்டிக்கு அதைவிடக் குறைந்த சுமைக்கான சி ரேஞ்ச் தேடிப் பாருங்கள். ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்க வேண்டும், நான்கு டயர் மட்டும் வாங்கிவிட்டுப் பழைய சின்ன ஸ்டெப்னியைத் தொங்கவிட்டுப் போவது வேண்டாம்.

காற்றைக் குறைப்பது

இத்தனை மாற்றங்களில் ஏறக்குறைய இனாமாகக் கிடைப்பது இது ஒன்றுதான். ரோட்டில் 32 பிஎஸ்ஐ வைத்திருக்கும் வண்டியில் கல்லும் மண்ணும் கலந்த பாதைக்கு 20 முதல் 22, மணலுக்கு 15 அல்லது 16 என்று தொடங்கிப் பாருங்கள். ஒரு முறை யாரையாவது மெதுவாக ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே குனிந்து டயரைப் பாருங்கள். 32-ல் கல்லின் முனை மேல் டயர் விறைப்பாக ஏறி வழுக்கி விழும். 18-ல் அதே கல் டயருக்குள் அமுங்கிப் போகும், ரப்பர் கல்லைச் சுற்றிக் கவ்விக்கொள்ளும், வண்டிக்குள் இருப்பவருக்குக் குலுக்கல்கூடப் பாதியாகிவிடும். தரையில் படும் பரப்பு அகலத்தைவிட நீளவாக்கில்தான் அதிகம் கூடுகிறது, அந்த நீளம்தான் பிடிப்பு.

15-க்குக் கீழே போனால் சாதாரண ரிம்மிலிருந்து டயர் கழன்றுவிடும் அபாயம் உண்டு, முக்கியமாக ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பும்போது. டயர் விளிம்பை இறுக்கிப் பிடிக்கும் பீட்லாக் ரிம் இருப்பவர்கள் அதற்கும் கீழே போவார்கள், உங்களுக்கு இப்போது வேண்டாம். காற்று குறைந்த டயரில் வேகம் போகக் கூடாது, சூடேறிப் பக்கச்சுவர் போய்விடும். அதனால் பாதை முடிந்து தார் ரோட்டைத் தொடுவதற்கு முன் திரும்ப அடித்தாக வேண்டும். ஒரு நல்ல 12 வோல்ட் கம்ப்ரெசரும் சரியாகக் காட்டும் கேஜும் லைட் பார் வாங்குவதற்கு முன்பே வாங்க வேண்டியவை. கம்ப்ரெசரை சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகாமல் பேட்டரியில் நேரடியாகக் கிளிப் போடும் ரகமாகப் பாருங்கள்.

அடிவயிற்றுக்குக் கவசம்

எஞ்சின் ஆயில் சம்ப், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், பெட்ரோல் டேங்க். இந்த நான்கில் எது தாழ்வாகத் தொங்குகிறதோ அதற்கு முதலில் ஸ்கிட் பிளேட். அலுமினியம் எடை குறைவு, ஆனால் பாறையில் உரசும்போது கடித்துக்கொண்டு நிற்கும், இரும்பு வழுக்கிப் போய்விடும். பாறை அதிகம் என்றால் இரும்பு. ஆயில் வடிக்கும் போல்ட்டுக்கு நேராக ஓட்டை விட்டிருக்கிறார்களா என்று வாங்கும் முன் பாருங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் முழு பிளேட்டையும் கழற்ற வேண்டும்.

கதவுக்குக் கீழே வரும் ராக் ஸ்லைடரும் ஏறி இறங்க வைக்கும் ஃபுட் ஸ்டெப்பும் தூரத்திலிருந்து ஒன்று போலத்தான் தெரியும். ஸ்லைடர் சேஸிஸில் போல்ட் அல்லது வெல்டிங் செய்தது. ஹை-லிஃப்ட் ஜாக்கி வைத்து அதிலேயே வண்டியைத் தூக்கலாம். ஃபுட் ஸ்டெப்பில் அப்படிச் செய்தால் மடங்கிக் கதவையும் சேர்த்து நசுக்கும்.

இப்போது லிஃப்ட்

டயர் அளவு தெரியும் என்பதால் இனி இது எளிது. அந்த டயர் எதிலும் உரசாமல் சுற்ற எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு லிஃப்ட், அதற்கு மேல் ஒரு இன்ச்கூட வேண்டாம். உயரம் கூடக் கூட ஈர்ப்பு மையம் மேலே போகும், பக்கச்சரிவில் வண்டி சாய்ந்துவிடும் அபாயமும் கூடும். பெரும்பாலான வண்டிகளில் 2 இன்ச் வரை பெரிய தொல்லை இல்லாமல் போகலாம். அதைத் தாண்டினால் கதை மாறும்.

சாலிட் ஆக்ஸிலும் காயில் ஸ்பிரிங்கும் உள்ள வண்டியில் என்னென்ன ஆகும் என்று பார்ப்போம். ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பேன்ஹார்ட் ராடின் நீளம் மாறாததால் வண்டி உயரும்போது ஆக்ஸில் ஒரு பக்கமாக நகர்ந்து நிற்கும், நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் ராட் போட வேண்டும். முன் ஆக்ஸில் லேசாகச் சுழன்று காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறையும், நேர் ரோட்டில் ஸ்டியரிங் அலைபாயும். புரொப்பெல்லர் ஷாஃப்ட் கோணம் கூடி யுனிவர்சல் ஜாயின்ட் அதிரும். பிரேக் ஹோஸ், ஆக்ஸிலுக்குள் காற்று போய்வரும் பிரீதர் குழாய், ஏபிஎஸ் வயர் மூன்றும் சக்கரம் முழுக்கத் தொங்கும்போது எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும், பிரேக் ஹோஸ் இழுபட்டு நின்றால் அது உயிர்ப் பிரச்சினை. இண்டிபெண்டன்ட் முன் சஸ்பென்ஷனில் இதே தொல்லை சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் ஷாஃப்டின் சிவி ஜாயின்ட்டில் வரும், கோணம் கூடி ரப்பர் பூட் கிழியும், மண் உள்ளே போகும், கொஞ்ச நாளில் திருப்பத்தில் டக் டக் என்று சத்தம் கேட்கும்.

ஸ்பிரிங்குக்கு மேல் வைக்கும் ஸ்பேசர் மலிவானது, ஆனால் அது உயரத்தை மட்டும்தான் தரும், சக்கரம் மேலும் கீழும் போய்வரும் தூரத்தைத் தராது. கொஞ்சம் பொறுத்து, நீளமான ஸ்பிரிங்கும் அதற்கேற்ற ஷாக்கும் ஒரே செட்டாக வாங்குவது நல்லது. ஸ்பிரிங்கின் கடினத்தன்மையை வண்டியில் நிரந்தரமாக ஏறப்போகும் எடையைக் கணக்குப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இரும்பு பம்பரும் வின்ச்சும் வரப்போகிறது என்றால் இப்போதே சொல்லி வாங்க வேண்டும், காலி வண்டிக்குக் கனமான ஸ்பிரிங் போட்டால் முதுகு போய்விடும்.

பொருத்தி முடித்ததும் உடனே ஓட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். ஒரு பக்க முன் சக்கரத்தை மேட்டில் ஏற்றி, ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பி, டயர் எங்கே தொடுகிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மறுபக்கமும் அதேபோல. ஃபெண்டரில் தொட்டால், சக்கரம் ஓர் அளவுக்கு மேல் ஏறாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப்பை நீட்ட வேண்டும். அப்புறம் அலைன்மென்ட், ஹெட்லைட் உயரம். 100 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் டார்க் ஸ்பேனரால் மறுபடி முறுக்குங்கள். முறுக்கிய போல்ட் மேல் பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்தால், நகர்ந்திருக்கிறதா என்று அடுத்த முறை ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும்.

உங்கள் பகுதியில் லிஃப்ட், அகலமான டயர், பம்பர் இவற்றுக்கு என்ன சட்டம், காப்பீடு செல்லுமா என்பதையும் வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

லாக்கர் வேண்டுமா

ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்குகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் அந்தச் சக்கரம் மட்டும் காற்றில் விர்ரென்று சுற்றும், தரையில் நன்றாக ஊன்றி நிற்கும் எதிர்ச் சக்கரம் அசையாது. சாதாரண ஓப்பன் டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு முறுக்கைத்தான் தரும், காற்றில் சுற்றும் சக்கரத்துக்கு முறுக்கே தேவையில்லை என்பதால் மற்றதற்கும் ஒன்றும் போகாது. லாக்கர் இரண்டையும் ஒரே துண்டாகப் பூட்டிவிடும், பிடிப்பு இருக்கும் சக்கரம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

லாக்கர் இல்லாதவர்கள் ஆட்டோமேட்டிக் வண்டியில் இடது காலால் பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டே வலது காலால் ஆக்சிலரேட்டர் கொடுத்துப் பார்க்கலாம், சுற்றும் சக்கரத்துக்கு ஒரு தடை கிடைத்து மறுபக்கமும் கொஞ்சம் இழுக்கும். புதிய வண்டிகளில் டிராக்ஷன் கன்ட்ரோல் இதே வேலையை ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாகச் செய்கிறது, பெரும்பாலான பாதைகளுக்கு அதுவே போதும்.

அதையும் தாண்டிப் போகிறீர்கள் என்றால் முதலில் பின் ஆக்ஸிலுக்கு ஒரு லாக்கர். ஏற்றத்தில் எடை பின்னால்தான் சாயும். சுவிட்ச் போட்டால் பூட்டி, எடுத்தால் திறக்கும் ஏர் லாக்கரோ எலக்ட்ரிக் லாக்கரோ நல்லது. முன் லாக்கர் போட்டதும் ஸ்டியரிங் திரும்ப மறுக்கும், முன் ஜாயின்ட்டுகளுக்கும் அழுத்தம் அதிகம், அதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். கியர் செட்டும் மாற்றப் போகிறீர்கள் என்றால் இரண்டையும் ஒரே தடவையில் செய்யுங்கள், டிஃப்பைப் பிரிக்கும் கூலி ஒருமுறைதான். இந்த வேலையைப் பழகிய கையிடம்தான் கொடுக்க வேண்டும், டிஃப்புக்குள் இருக்கும் கிரௌன், பினியன் பற்சக்கரங்கள் நூல் பிசகினாலும் ஊளையிடும்.

தண்ணீர்

ஸ்நார்கல் போட்டவுடன் வண்டி படகாகிவிடாது. எஞ்சின் மூச்சுவிடும் வாயை அது உயர்த்தித் தருகிறது, அவ்வளவுதான். தண்ணீர் அமுங்காது என்பதால் சிலிண்டருக்குள் போனால் கனெக்டிங் ராட் வளையும், எஞ்சின் கதை முடிந்தது. ஆனால் ஸ்நார்கலுக்கு முன்பே பார்க்க வேண்டியது டிஃப் பிரீதர். ஓடிச் சூடான டிஃப் சட்டென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கும், பிரீதர் வாய் தண்ணீருக்குள் இருந்தால் அந்த வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும். வாடிக்கையாக ஆற்றைக் கடப்பவர்கள் வடிக்கும் போல்ட்டைத் திறந்து பார்த்தால் பால் கலந்த காபி நிறத்தில் ஆயில் கொழகொழவென்று வரும். நீளமான ஒரு ரப்பர் குழாயைப் போட்டு பிரீதர்களை எஞ்சின் பே உயரத்துக்குக் கொண்டுபோய்விட்டால் தீர்ந்தது, ஒரு மதிய நேர வேலை.

எதையும் மாற்றாத வண்டிக்குக் கம்பெனி சொன்ன ஆழம்தான் எல்லை, அது தெரியாவிட்டால் சக்கர மையத்துக்கு மேல் வேண்டாம். இறங்கும் முன் ஒருவர் நடந்து பார்க்க வேண்டும். நடக்க முடியாத இழுப்பு இருந்தால் வண்டியும் போகக் கூடாது. உள்ளே எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள், இழுத்து வெளியே கொண்டுவந்து ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள்.

வின்ச், விளக்கு, வயரிங்

வின்ச் அளவுக்கு எளிய கணக்கு: சாமான் ஏற்றிய வண்டியின் எடையைப்போல ஒன்றரை மடங்கு. இரண்டு டன் வண்டிக்கு மூன்று டன்னாவது வேண்டும். பெட்டியில் எழுதியிருக்கும் இழுவை, டிரம்மில் முதல் அடுக்குக் கயிறு மட்டும் இருக்கும்போது கிடைப்பது, மேல் அடுக்குகளில் மூன்றில் ஒரு பங்கு வரை குறையும். ஸ்நாட்ச் பிளாக் (கப்பி) ஒன்று போட்டுக் கயிற்றைத் திருப்பிக்கொண்டுவந்தால் இழுவை இரட்டிப்பாகும், வேகம் பாதியாகும். மரத்தில் நேரடியாகக் கயிற்றைச் சுற்றாமல் அகலமான ஸ்ட்ராப் போடுங்கள், மரமும் பிழைக்கும் கயிறும் பிழைக்கும். முழுச் சுமையில் வின்ச் 400 ஆம்பியர் வரை குடிக்கும், அதனால் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், இழுத்து இழுத்து விட வேண்டும். தனியாகப் போகாதவர்களுக்கு வின்ச் உடனே தேவையில்லை என்பதுதான் என் எண்ணம். நல்ல மண்வெட்டியும், சக்கரத்துக்கு அடியில் பிடிப்புக்காக வைக்கும் டிராக்ஷன் போர்டு ஒரு ஜோடியும் அந்த வேலையில் பாதியைச் செய்துவிடும்.

விளக்கு விஷயத்தில் ஒன்றே ஒன்று. 55 வாட் ஹாலஜன் இரண்டு என்றால் 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல். அதை டாஷ்போர்டு சுவிட்ச் வழியாக நேரே ஓட்டாமல் ரிலே போடுங்கள், ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். விளக்குக்குப் பக்கத்தில் ஃபியூஸ் வைத்தால், நடுவில் வயர் உரசி சேஸிஸில் தொட்டால் எரியப்போவது வயரும் வண்டியும். தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

முதல் முறை கிளம்பும்போது

குறைந்தது இரண்டு வண்டியாகப் போங்கள். கூரையில் கனமான எதையும் ஏற்றாதீர்கள், உள்ளே இருக்கும் ஜாக்கி, டூல் பெட்டி எல்லாவற்றையும் கட்டி வையுங்கள், வண்டி சாய்ந்தால் அவைதான் தலையில் விழும். ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது கட்டை விரல் வளையத்துக்கு வெளியே இருக்கட்டும், கல்லில் சக்கரம் இடித்து ஸ்டியரிங் சுழன்றால் விரல் ஒடியும்.

கடினமான இடம் வந்தால் இறங்கி நடந்து பாருங்கள். வழிகாட்ட ஒரே ஒருவர்தான் நிற்க வேண்டும், நான்கு பேர் நான்கு பக்கமும் கை காட்டினால் நீங்கள் பார்க்க வேண்டியது யாரை? பெரிய கல்லை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டுத் தாண்டப் பார்க்காமல் சக்கரத்தையே அதன் மேல் ஏற்றுங்கள், டயர் உயர்ந்தால் டிஃபும் உயரும். ஏற்றத்தில் நின்றுபோனால் திருப்ப முயலாதீர்கள், குறுக்கே நின்ற வண்டிதான் உருளும். பிரேக்கை மிதித்துக்கொண்டு ரிவர்ஸ் கியர் போட்டு, ஃபோர் லோவில், வந்த தடத்திலேயே நேராக இறங்குங்கள். இறக்கத்தில் முதல் கியர் லோ, கிளட்சில் கால் வைக்கவே வேண்டாம், எஞ்சினே பிடித்துக்கொள்ளும்.

வீடு திரும்பிய மறுநாள் ஒரு மணி நேரம் ஒதுக்கி வண்டிக்கு அடியில் படுங்கள். சேஸிஸ் இடுக்குகளில் சேறு இருந்தால் தண்ணீர் பீச்சிக் கழுவி விடுங்கள், பிரேக் டிரம்முக்குள்ளும் சேறு போயிருக்கும். வீல் நட்டுகளை முறுக்கிப் பாருங்கள், யுனிவர்சல் ஜாயின்ட்டுகளுக்கு கிரீஸ் அடியுங்கள், சிவி பூட்டில் கீறல் இருக்கிறதா, ஷாக்கில் எண்ணெய் கசிகிறதா, ஸ்கிட் பிளேட்டில் புதிதாக எங்கே அடிபட்டிருக்கிறது என்று பாருங்கள். தண்ணீர் கடந்திருந்தால் இரண்டு டிஃப்பிலும் கொஞ்சம் ஆயிலை வடித்து நிறம் பாருங்கள். ஸ்கிட் பிளேட்டில் அடி விழுந்த இடங்களைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால், அடுத்து எந்த இடத்துக்குக் கவசம் தேவை, எது வெறும் ஆசை என்பதைப் பட்டறைக்காரரிடம் காட்டிப் பேசலாம்.